தானமாக வரும் மாட்டுக்கும் பல் பார்ப்போம்

(கல்முனையில் வர்த்தகர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

 

என்னை இங்கு அழைத்த அன்பர்கள் ஒரு கேள்வியையும் கையில் தந்தே அழைத்தார்கள். "கடைத்தெருவில் களவு பெருகிவிட்டது. தனியொருவன் வந்து ஒரு பொருளை மடியில் மறைத்துச் செல்லும் காலம் போய், பலர் கூடித் திட்டமிட்டு அள்ளிச் செல்லும் காலம் வந்துவிட்டது. வெளிநாட்டு உதவிப் பணத்தில் பொலிஸாருக்குக் கமராக்களும், வாகன இலக்கத் தகட்டைத் தானே வாசிக்கும் கருவிகளும் பெற்றுக் கொடுத்தால் என்ன? அதற்கு நாமே முன்னின்று முயன்றால் என்ன?" இதுவே அந்தக் கேள்வி.

சட்டத்தரணிகள் விடையைக் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்பழி எனக்கு வேண்டாம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியைப் பெறலாம். நிபந்தனை எழுதாமல் பெறலாகாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் முன்னோர் கேட்டனர். ஏரில் பூட்டும் மாட்டுக்கு அந்த மரியாதை பொருந்தலாம். நம் தெருவில் நின்று நம்மையே இரவும் பகலும் பார்க்கப்போகும் ஒன்றை எவரேனும் தானமாகத் தந்தால், அதன் பல்லை மட்டுமன்று, கொம்பையும் குளம்பையும் பார்த்த பின்னரே முளையில் கட்டவேண்டும்.

களவின் கணக்கு

களவைச் சிறு காரியம் என்போர் ஒரு நாளும் கடை வைத்திராதவர்கள். நூற்றுக்குப் பத்து இலாபத்தில் விற்கும் ஒருவரின் கடையிலிருந்து பத்தாயிரம் ரூபா முதலுள்ள துணி போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நட்டத்தை நிரவ அவர் ஓர் இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்யவேண்டும். கொழும்பு மொத்த வியாபாரியிடம் கொடுத்த காசோலையின் தேதி, பொருள் களவு போயிற்று என்பதற்காகத் தள்ளிப்போவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முதலை இழந்து, நகையை அடகு வைத்து மீண்டும் கடை திறந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இக்கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

விவசாய நண்பர்கள் இதனைக் கடைக்காரர் கவலை என்று எண்ணிவிடலாகாது. களத்தில் அடுக்கிய நெல் மூட்டையும், வாய்க்கால் ஓரத்து நீர்ப்பம்பியும், மேய்ச்சல் தரையில் நின்ற மாடும் இதே வழியாகத்தான் போகின்றன. இரவில் ஒரு வாகனம். விடியுமுன் வேறோர் ஊர். மறுநாள் அரை விலைக்கு ஒரு கைமாற்றம்.

இந்தக் கூட்டுக் களவின் இயல்பைச் சற்று உற்று நோக்குங்கள். ஒருவன் விலை கேட்டுக் கடைக்காரரைப் பேச்சில் நிறுத்துகிறான். மற்றொருவன் பொருளை எடுக்கிறான். மூன்றாமவன் வெளியே மோட்டார் சைக்கிளை முடுக்கிவிட்டு நிற்கிறான். நான்காமவன் கடைப்பக்கம் வருவதே இல்லை. எங்கோ இருந்துகொண்டு, வந்த பொருளை வாங்கி விற்கிறான். திருடிய ஐம்பது கைத்தொலைபேசிகளைத் திருடன் தன் வீட்டில் வைத்து என்ன செய்வான்? வாங்குபவன் இருப்பதனாலேயே எடுப்பவன் இருக்கிறான். நமது தண்டனைச் சட்டக்கோவை 366ஆம் பிரிவில் களவை வரையறுக்கிறது. 394ஆம் பிரிவில், களவுப் பொருள் என்று அறிந்தும் நேர்மையீனமாக ஏற்பவனையும் குற்றவாளி என்கிறது. சட்டத்துக்கு இருவரையும் தெரியும். நமது முறைப்பாடுகளோ முதலாமவனோடு நின்றுவிடுகின்றன. அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாமிடத்தில் ராசா என்ற பழமொழி நமது நீதவான் நீதிமன்றங்களில் நாள்தோறும் மெய்யாகி வருகிறது.

கமரா இருந்தும் கலைந்த வழக்கு

இக்கரையோரத்து ஊரொன்றில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். அவர் கடையில் நான்கு கமராக்கள் இருந்தன. களவு நடந்தது, எடுத்தவரின் முகம் தெளிவாகப் பதிந்திருந்தது. முறைப்பாடும் அன்றே கொடுத்தார். இவ்வளவு இருந்தும் அவ்வழக்கு நிற்கவில்லை.

காரணம் கேளுங்கள். பதிவுப்பெட்டி பதினைந்து நாட்களுக்கு மேல் எதையும் வைத்திருக்காது. பழையதன் மேல் புதியது பதியும். பதிவை எடுத்துப்போக அதிகாரி வந்தது மூன்று வாரங்களின் பின்னர். எஞ்சியது, கடையில் வேலை செய்த பையன் தன் கைத்தொலைபேசியால் திரையைப் பார்த்துப் பிடித்த ஒரு துண்டுக் காட்சி. அதில் தெரிந்த நேரம் உண்மை நேரத்துக்கு ஒரு மணிக்கு மேல் பிந்தியிருந்தது. பெட்டியின் மணியை எவரும் சரிபார்த்ததில்லை. அந்த நேரத்தில் சந்தேகநபர் வேறோர் இடத்தில் இருந்தமைக்குச் சாட்சி வந்தது. இதற்கு மேல், கடைக்காரர் தமிழில் சொன்ன முறைப்பாடு அவர் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தது. அவர் அதற்குக் கீழே தமிழில் கையொப்பம் இட்டிருந்தார்.

1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்ச்சி நடக்கையில் பதிவான ஒலியையும் ஒளியையும் சான்றாக ஏற்கிறது. ஆயினும் கருவி ஒழுங்காக இயங்கியது என்றும், பதிவில் எவரும் கைவைக்கவில்லை என்றும் காட்டவேண்டும். விளக்கத்துக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்கள் முன்பாவது எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அன்பர்களே! அந்தப் புடைவைக்கடையில் குறைந்தது கமரா அன்று. வேளைக்கு வராத கால், சரிபார்க்காத மணிக்கூடு, விளங்காத மொழி ஆகிய இவை மூன்றுமே வழக்கைக் கலைத்தன. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு நானூறு கமராக்களைக் கொண்டுவந்து மாட்டினாலும், தோற்கும் வழக்குகளின் தொகைதான் கூடும்.

கலிபோர்னியா கற்ற பாடம்

நானூறு என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. உதவிப் பணத்தில் பொலிஸாருக்குக் கருவி வாங்கிக் கடைக்களவை ஒடுக்கும் இம்முறை மிகப் பெரிய அளவில் நடந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். கூட்டமாக வந்து கடைகளை வாரிச் செல்லும் காட்சிகள் அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் ஓடின. மக்கள் கொதித்தனர். 2023 செப்டெம்பரில் அம்மாநிலம் 26 கோடியே 70 இலட்சம் டொலரை, 55 பொலிஸ் திணைக்களங்களுக்கும் வழக்குத்தொடுநர் அலுவலகங்களுக்கும் மானியமாகப் பகிர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கான பணம் அது. சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பொலிஸாருக்கு மட்டும் ஒன்றரைக் கோடி டொலருக்கு மேல் கிடைத்தது. அதிலிருந்து 2024இல் 100 சந்திகளில், இலக்கத் தகடு வாசிக்கும் 400 கருவிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

கருவி செய்யும் வேலை எளியது. கடந்து போகும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத்தையும் படமெடுத்து, நேரத்தோடும் இடத்தோடும் சேமிக்கும். களவு போன வாகனங்கள், தேடப்படும் வாகனங்கள் ஆகியவற்றின் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் உடனே பொலிஸாருக்குச் செய்தி போகும். கூட்டுக் களவுக்கு வாகனம் இன்றியமையாதது; ஆதலால் இது பயனுள்ள கருவி என்பதை நான் மறுக்கவில்லை. களவெடுத்த வண்டியில் வந்து களவெடுப்பவனை அது காட்டிக் கொடுக்கும்.

அதே வேளையில் வேறு மூன்று செய்திகளையும் கேளுங்கள்.

முதலாவது, களவால் பெரிதும் வருந்திய ஒக்லாண்ட் நகரம் அந்த மானியத்தில் ஒரு சதமும் பெறவில்லை. விண்ணப்பத்தை உரிய வேளையில் சமர்ப்பிக்கத் தவறிவிட்டது. மானியம் தேவையுள்ள இடத்துக்குத் தானாக ஓடிவரும் வெள்ளமன்று. வாய்க்கால் வெட்டியவன் வயலுக்கே அது பாயும். எங்கள் ஊருக்கு இரக்கம் காட்டுங்கள் என்று மேடையில் பேசுவதால் பயனில்லை. எழுத வேண்டியதை எழுதி, கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்கும் அலுவலகம் ஒன்று ஊருக்கு வேண்டும்.

இரண்டாவது, அச்சத்தை வளர்த்த கணக்கே பிழைத்துப்போயிற்று. 2021ஆம் ஆண்டில் சில்லறைக் கடைகளில் குறைந்துபோன 9,450 கோடி டொலர் சரக்கில் ஏறத்தாழப் பாதி கூட்டுக் களவால் போனது என்று அமெரிக்காவின் தேசியச் சில்லறை வணிகர் சம்மேளனம் வெளியிட்டிருந்தது. 2023 டிசெம்பரில் அச்சம்மேளனமே அக்கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சரக்குக் குறைவில் வேலையாள் எடுத்ததும் உண்டு, கணக்குப் பிழையும் உண்டு, பழுதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தலையில் சுமத்தியது தவறு. வர்த்தகப் பெருமக்களே! நாமும் விண்ணப்பம் எழுதும்போது நெஞ்சறிந்த கணக்கையே எழுதவேண்டும். பொய்க்கணக்கில் வந்த கருவி, பொய்யான ஆளையே தேடும்.

மூன்றாவது, சேர்ந்து குவியும் பதிவுகள். மானியம் வருவதற்கு முன்பே அங்கே பல நகரங்களில் இக்கருவிகள் இருந்தன. 2020இல் கலிபோர்னியா மாநிலக் கணக்காய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். லொஸ் ஏஞ்செல்ஸ் பொலிஸாரிடம் 32 கோடி படங்கள் சேர்ந்திருந்தன. நூற்றுக்கு 99.9 பங்கு, எந்தத் தேடல் பட்டியலிலும் இல்லாத வாகனங்களின் படங்கள். குற்றமற்றவன் எந்த நாள், எந்த வேளை, எந்தத் தெருவில் போனான் என்ற நாட்குறிப்பை அரசு எழுதி வைத்திருந்தது என்பதே இதன் பொருள். இத்தனைக்கும் அங்கே 2015இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். சட்டம் இருந்தும் மீறல் நடக்கிறது. 2025 ஒக்டோபரில், மாநிலத்துக்கு வெளியேயுள்ள பொலிஸாரோடு பதிவுகளைப் பகிர்ந்தது என்று குற்றஞ்சாட்டி, எல் கஹோன் என்ற நகரத்தின் மீது அம்மாநிலச் சட்டமா அதிபரே வழக்குத் தொடர்ந்தார்.

கொலராடோ மாநிலத்து ஓரோரா நகரில் 2020 ஓகஸ்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஒரு தாயும் சிறுமிகளும் வந்த காரைப் பொலிஸார் துப்பாக்கி நீட்டி மறித்தனர். பிள்ளைகளைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தனர். அவர்களுள் இளையவளுக்கு வயது ஆறு. களவு போனதாகப் பட்டியலில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் வேறொரு மாநிலத்தில் பதிந்தது. இலக்கம் மட்டும் ஒன்றாக இருந்தது. கருவி இலக்கத்தை வாசித்தது. எதிரே நிற்பது காரா சைக்கிளா என்று பார்க்க வேண்டிய மனிதன் பார்க்கவில்லை. 2024இல் அந்நகரம் 19 இலட்சம் டொலர் கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்தது. அந்த ஆறு வயதுக் குழந்தையின் அச்சத்தை எத்தனை டொலர் தீர்க்கும்?

நாம் கண்ட தானங்கள்

கடல் கடந்த கதைகள் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் கரையிலேயே பாடம் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் கடல் நம் வீடுகளை வாரிச் சென்றபின், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் எழுந்தன. பணம் வந்தது, சுவர் எழுந்தது, கூரையும் ஏறியது. அவ்வீடுகளை எவருக்கு, எந்த முறையில் பகிர்வது என்பது முன்னரே முடிவாகாததால் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடிழந்தோர் வெளியே நிற்க, வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து பற்றை மண்டின. கொடுத்தவர் மீது குறையில்லை. வாங்கும் முன் விதி எழுதாதவர் மீதே குறை.

கமராவைப் பற்றியும் நமக்கு அனுபவம் உண்டு. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. காவல் செய்ய வந்த பொலிஸாரே மார்க்கப் பெரியார் ஒருவரைத் தாக்கும் காட்சி அங்கிருந்த கமராவில் பதிந்திருந்ததை ராய்ட்டர் செய்தி நிறுவனம் உலகுக்குத் தெரிவித்தது. வேலியே பயிரை மேய்ந்ததற்கு அந்தக் கமரா சாட்சி சொன்னது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கமரா எவர் பக்கமும் சாய்வதில்லை. அதன் பதிவு எவர் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே அது பேசும். திகனைப் பதிவுகள் அனைத்தும் பொலிஸ் நிலையத்துப் பெட்டியொன்றில் மட்டும் பூட்டிக் கிடந்திருந்தால், அக்காட்சியை உலகம் கண்டிருக்குமா?

2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பின் பின்னர் இக்கரையில் நாம் கடந்த நாட்களை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. குற்றவாளிகள் சிலர், சோதனைக்கு நின்றது ஊர் முழுவதும். அதற்கு முந்திய போர்க்காலத்தில், ஈ.பி. என்ற கிழக்கு மாகாண எழுத்தைத் தகட்டில் தாங்கிய வாகனத்தில் தெற்கே போனவர்கள் சாவடிதோறும் என்ன அனுபவித்தார்கள் என்பதைத் தமிழரும் அறிவர், முஸ்லிம்களும் அறிவர். 2023 தொடக்கம் புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை. பழைய தகடுகளில் அது இன்னும் இருக்கிறது. இலக்கத்தை வாசிக்கும் கருவிக்கு மாகாணத்தைப் பிரித்து வாசிக்கவும் தெரியும். திருடனைப் பிடிக்க வந்த கருவி, ஓர் ஊரையே சந்தேகநபராக்கும் கருவியாக மாற ஒரு கட்டளை போதும்.

யாரிடம் கேட்பது?

இனி, இக்கேள்வியின் அடிவேருக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் பொலிஸ் திணைக்களம் நகரத்துக்கு உரியது. அங்கே பிழை நடந்தால் தாம் தெரிந்த நகர சபையிடம் மக்கள் கேட்கலாம். அடுத்த தேர்தலில் மாற்றலாம். நமக்கு எவர் இருக்கிறார்கள்?

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளுக்குப் பொலிஸ் அதிகாரத்தை 1987இல் எழுத்தில் தந்தது. அந்த அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பின் அதற்குத் தேர்தல் கண்டோமில்லை. 2018இல் நாம் தெரிந்த கல்முனை மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த வழக்கால் கல்முனைக்கு மட்டும் வாக்குப்பெட்டி வரவில்லை. தனிநபர் தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றினார்கள். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மையான விதிகள் ஒத்திவைக்கப்பட்டன.

ஆக, கருவி வரலாம். கருவியைக் கேள்வி கேட்க நாம் தெரிந்தெடுத்த ஒருவரேனும் இல்லாத வேளையில் வருகிறது. ஆதலால் சபை செய்ய வேண்டியதை எழுத்தில் செய்துகொள்ள வேண்டிய கடமை, விண்ணப்பம் போடும் நம் தலையில் விழுகிறது.

ஐந்து நிபந்தனைகள்

விண்ணப்பத்தோடு ஓர் உடன்படிக்கையையும் இணைக்கவேண்டும் என்பது என் ஆலோசனை. அதில் ஐந்து விடயங்கள் இருக்கட்டும்.

முதலாவது, நோக்கம். களவு, கொள்ளை, களவுப் பொருள் வாங்குதல், களவு போன வாகனம் ஆகியவற்றுக்கு மட்டுமே இக்கருவி. பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் வருவோரையும், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போவோரையும் கணக்கெடுக்க அன்று. பதிவு எந்த நாட்டுப் பெட்டியில் சேமிக்கப்படும், கருவி தந்த நாட்டுக்கோ விற்ற கம்பனிக்கோ அதைத் திறக்கும் சாவி உண்டா என்பதும் அதில் தெளிவாக எழுதப்படவேண்டும்.

இரண்டாவது, காலம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லவேண்டும். பதினைந்து நாளில் பதிவு அழிந்தால் அடிபட்ட குடிமகனுக்குச் சான்று இல்லை. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் குற்றமற்றவனுக்கு நிம்மதி இல்லை. ஆகவே இரண்டு மாதங்கள் வைத்திருந்து அழிக்கட்டும். முறைப்பாடு உள்ள பதிவை மட்டும் வேறாக்கி, முத்திரையிட்டு நீதிமன்றத்தில் ஒப்படைக்கட்டும்.

மூன்றாவது, மனிதப் பொறுப்பு. கருவி சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் மறிக்கக்கூடாது. வாகனத்தின் இனம், நிறம், பதிவு ஆகியவற்றை ஒரு மனிதன் ஒப்பிட்ட பின்னரே மறிக்கவேண்டும். பதிவைத் திறந்து பார்த்த அதிகாரியின் பெயரும், நாளும், காரணமும் ஒவ்வொரு தடவையும் எழுதப்படவேண்டும்.

நான்காவது, மொழி. கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டுவதே முறை என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு சொல்கிறது. இலட்சக்கணக்கான ரூபாவுக்குக் கமரா வாங்கித் தருவோரிடம், தமிழில் எழுதத் தெரிந்த ஓர் அதிகாரியை எல்லா வேளையிலும் நிலையத்தில் அமர்த்தும் உறுதியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டில் ஒன்றே கிடைக்கும் என்றால், எனக்கு அந்த அதிகாரி போதும்.

ஐந்தாவது, கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன, எத்தனை தண்டனையில் முடிந்தன, எவ்வளவு பொருள் உரியவருக்குத் திரும்பியது, எத்தனை பேர் தவறாக மறிக்கப்பட்டனர் என்பதை வெளியிடவேண்டும். வெளியிடாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் நாமே கேட்போம். மானியக் காலம் முடிந்தபின் மின்சாரமும் பழுதுபார்ப்பும் எவர் செலவு என்பதும் அக்கணக்கில் இருக்கட்டும். உப்புக்காற்றில் இரும்புக் கதவே உளுத்துப்போகும் கரை இது. கம்பத்தில் கண்ணிழந்து தொங்கும் கமரா, திருடனுக்கு மகிழ்ச்சியையும் நமக்கு வீண் நம்பிக்கையையும் தரும்.

நாளையே செய்யக்கூடியவை

மானியம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒரு சதமும் செலவில்லாத காரியங்கள் சில உண்டு.

உங்கள் பதிவுப்பெட்டியின் மணியை நாளைக் காலை சரிசெய்யுங்கள். களவு நடந்தால் அன்றே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பதிவைப் பிரதியெடுங்கள். மூலப் பதிவு அழியாதபடி பெட்டியை நிறுத்தி வையுங்கள். கைத்தொலைபேசி விற்போர் அதன் தொடர் இலக்கத்தையும், நீர்ப்பம்பி வைத்திருப்போர் அதன் இயந்திர இலக்கத்தையும் எழுதி வையுங்கள். இலக்கம் தெரியாத பொருளை நீதிமன்றம் எவருடையது என்று திருப்பிக் கொடுக்கும்? ஒரு கடையில் களவு நடந்தால் நீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை எல்லாக் கடைகளுக்கும் அன்று மாலைக்குள் செய்தி எட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றுச்சீட்டில்லாமல் அரை விலைக்கு வரும் பொருளை நாம் எவரும் வாங்குவதில்லை என்று இங்கேயே உறுதி கொள்ளுங்கள். அந்த வாங்கும் கை மடங்கினால், எடுக்கும் கை தானே தளரும். அது நம்மிடையே உள்ள கை என்றால், அதைச் சுட்டிக்காட்டும் துணிவும் நமக்கு வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று இருகரம் கூப்பிக் கேட்கிறேன். கமராவில் தெரிந்த முகத்தை வெட்டியெடுத்து, "இவன்தான் கள்ளன்" என்று முகநூலில் போடாதீர்கள். கடைக்காரர் முஸ்லிமாகவும் படத்தில் இருப்பவன் தமிழனாகவும் இருக்கலாம். அல்லது மாறியும் இருக்கலாம். அடையாளம் பிழைத்துப்போனால், ஒரு சேலைக்குப் போன நட்டம் இரண்டு ஊர்களின் உறவுக்குப் போன நட்டமாக முடியும். அடுத்தடுத்த ஊர்களாக, ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் நெல்லும் மீனும் துணியும் மாற்றி வாழ்கிறவர்கள் நாம். பிடிபட்ட பையனை அடிப்பதும் நம் வேலையன்று. குற்றத்தை முடிவு செய்ய நீதவான் இருக்கிறார். சான்றைக் காப்பது மட்டுமே நம் கடமை.

அன்பர்களே! பாதுகாப்பு வேண்டுமா, உரிமை வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்வார்கள். அந்த வலையில் விழாதீர்கள். கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்குவதும் நம் உரிமை. குற்றம் செய்யாதவன் தெருவில் தலைநிமிர்ந்து போவதும் நம் உரிமை. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் விண்ணப்பத்தை எழுதுவோம். அதில் பாண்டிருப்பாரும் கையொப்பமிடட்டும், கல்முனைக்குடியாரும் கையொப்பமிடட்டும், சம்மாந்துறைப் போடியாரும் மருதமுனை நெசவாளரும் கையொப்பமிடட்டும். தமிழில் எழுதுவோம், நாம் வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுவோம். அந்த உடன்படிக்கையை வரைந்து தரும் பணியை நான் ஏற்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

நிபந்தனைகளை ஏற்றுத் தருவோரிடம் நன்றியோடு வாங்குவோம். ஏற்க மறுப்பவர் நாடுவது நம் கடைகளின் பாதுகாப்பன்று என்பது அப்பொழுதே விளங்கிவிடும். அந்த விளக்கமும் நமக்கு ஒரு இலாபமே.